எரிந்த ஊரும் எரியாத ஏடுகளும்

பறத்தலின் முதற்படிகளைக் காத்துவரும் ஒரு சிறு நகர நூதனசாலையின் கதை



விமானம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மனங்களில் முதலில் எழுவது பயணம் அல்ல. பொம்மர், சகடை, கிபிர் என்று பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அவை எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. எது வருகிறது, எந்தத் திசையில் வருகிறது என்று இரைச்சலை வைத்தே எங்கள் சிறு பிள்ளைகள் சொன்னார்கள். அடுப்பில் உலை கொதிக்க, பட்டியில் மாடு கத்த, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடினோம். 2009இல் போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆயினும் உலங்குவானூர்தி ஒன்று தாழப் பறந்தால், வயலில் நிற்கும் முதியவர்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பதை இன்றும் காண்கிறோம்.

ஆகவே, பறப்பதற்கு மனிதன் எடுத்த முதல் முயற்சிகளைப் போற்றும் நூதனசாலை ஒன்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "எங்களுக்கும் அதற்கும் என்ன சுவாமி?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்த நூதனசாலை இருப்பது விமானக் குண்டுகளால் அழிந்த ஓர் ஊரில். பறக்கும் கலைக்கு அடித்தளமிட்ட மனிதனைப் பெற்ற ஊர் அது. அவன் மறைந்து 50 ஆண்டுகள் ஆவதற்கு முன்னரே, வானிலிருந்து விழுந்த குண்டுகள் அதை எரித்தன. எரிந்துபோன ஊர் தன் நினைவை எவ்வாறு மீட்டது என்பது எங்களுக்கு வேண்டிய கதை.

நாரைகளின் ஊர்

ஜேர்மனியின் வடகிழக்கில், பால்டிக் கடலுக்கு அண்மையில், பேனே என்ற ஆற்றின் கரையில் அங்க்லாம் என்ற சிறு நகரம் இருக்கிறது. சுற்றிலும் ஈரப் புல்வெளிகள். தவளைக்கும் மீனுக்கும் குறைவில்லை. ஆதலால் கோடை காலத்தில் செங்கால் நாரைகள் அங்கே வந்து கூடு கட்டும். இந்த ஊரில் 1848 மே 23ஆம் நாள் ஒட்டோ லிலியந்தால் பிறந்தார். அடுத்த ஆண்டில் அவருடைய தம்பி குஸ்தாவ் பிறந்தார். பெற்றோருக்கு எட்டுப் பிள்ளைகள் பிறந்தும், ஒட்டோ, குஸ்தாவ், தங்கை மரி என்ற மூவர் மட்டுமே வளர்ந்து ஆளானார்கள். தந்தை வணிகத்தில் நொடித்தவர். 1861இல் இறந்தும் போனார். பிள்ளைகளை ஆளாக்கும் பாரம் முழுவதும் தாயின் தோளில் விழுந்தது. தகப்பனில்லாத வீட்டில் தாய் ஒருத்தி பிள்ளைகளைப் படிப்பிப்பது எத்தகைய பாடு என்பதை எங்கள் தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணனும் தம்பியும் புல்வெளியில் நாரைகளைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். நாரை எழும்பும்போது காற்றுக்கு முகம் கொடுத்து ஓடி எழும்புகிறது. எழும்பிய பின் இறகை அடிக்காமலே நெடுந்தூரம் மிதந்து செல்கிறது. இதை அவர்கள் கவனித்தார்கள். பள்ளி மாணவராக இருந்த காலத்திலேயே பலகைகளால் இரண்டு சிறகுகள் செய்து, கைகளில் கட்டிக்கொண்டு, சரிவில் ஓடிப் பார்த்தார்கள். பகலில் அல்ல, இரவில். பள்ளித் தோழர்கள் கண்டால் கேலி செய்வார்கள் என்ற பயம். அந்தச் சிறகுகள் அவர்களைத் தூக்கவில்லை.

புதிய விதையைப் போட்டுப் பார்ப்பவனையும், இரசாயன உரம் இல்லாமல் பயிர் செய்து பார்ப்பவனையும் ஊர் எப்படிப் பார்க்கும் என்பது கமக்காரருக்குத் தெரியும். தோற்றால் சிரிப்பு, வென்றால் "அது அவனுடைய மண்ணின் வளம்" என்பார்கள். லிலியந்தால் சகோதரர்களுக்கும் அதுவே நேர்ந்தது. அவர்கள் தோல்வியை மறைக்காமல், ஏன் தோற்றோம் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்பதுதான் வேறுபாடு.

பறக்கும் முன் அளந்தவர்

ஒட்டோ பேர்லினில் இயந்திரத் தொழில் படித்துப் பொறியியலாளர் ஆனார். அக்காலத்தில் பறக்க முயன்ற பலர் சிறகைச் செய்து உடனே மேட்டிலிருந்து குதித்தார்கள், விழுந்தார்கள். ஒட்டோ முதலில் அளந்தார். 1874இல் சகோதரர் இருவரும் ஒரு கருவி செய்தார்கள். செக்கு சுற்றுவதுபோல நீண்ட கை ஒன்று சுழலும். அதன் முனைகளில் பல வடிவான தகடுகளை மாட்டிச் சுழற்றி, காற்று எவ்வளவு பலத்துடன் அவற்றை மேலே தூக்குகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள்.

அதன் உட்பொருளை வீட்டிலேயே அறியலாம். பலத்த காற்றில் சுளகை முன்விளிம்பு சற்று உயர்ந்திருக்கச் சரித்துப் பிடித்தால் அது கையைவிட்டு மேலெழப் பார்க்கும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் கூரைகள் எழுந்து பறந்ததைக் கண்டவர்கள் இன்னும் எங்களிடையே உள்ளனர். கூரைக்கு மேலாக விரைந்து செல்லும் காற்று கூரையை மேலே இழுக்கிறது. அந்த ஆற்றலைத்தான் சகோதரர்கள் அளந்தார்கள். அதில் ஒரு பேருண்மை வெளிப்பட்டது. தட்டையான பலகையைவிட, பறவைச் சிறகுபோல் இலேசாக வளைந்த பரப்பைக் காற்று கூடுதலாகத் தாங்குகிறது. இன்று வானில் செல்லும் விமானங்களின் இறக்கைகள் வளைந்திருப்பதன் காரணமும் இதுவே.

இந்த அளவுகளையெல்லாம் அட்டவணைகளாகவும் வரைபடங்களாகவும் ஒழுங்குசெய்து, பறவையின் பறப்பே பறக்கும் கலைக்கு அடிப்படை என்ற கருத்துள்ள தலைப்பில் 1889இல் ஒரு நூலாக வெளியிட்டார் ஒட்டோ. அதன் கணக்குகளுக்கு நடுவே நாரைகளும் இருந்தன. பிற்காலத்தில் அவர் தமது வீட்டுத் தோட்டத்தில் நாரைக்குஞ்சுகளை வளர்த்து, அவை பறக்கப் பழகுவதை நாள்தோறும் கவனித்து வந்தார்.

குன்றிலிருந்து குன்றுக்கு

அளந்து முடித்த பிறகே அவர் பறக்கத் தொடங்கினார். 1891இல், தமது 43ஆவது வயதில், பேர்லினுக்கு மேற்கே டேர்விற்ஸ் என்ற கிராமத்தின் மேட்டிலிருந்து 25 மீற்றர் தூரம்வரை மிதந்தார். 1893இல் றீனோ என்ற இடத்துக் குன்றுகளில் 250 மீற்றர் தூரத்தை எட்டினார். 1894இல் பேர்லின் ஓரத்தில், செங்கல் சூளைக் கழிவு மண்ணைக் குவித்து 15 மீற்றர் உயரமான செயற்கைக் குன்று ஒன்றை எழுப்பினார். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதற்கு எதிராக ஓடி எழும்புவதற்காகவே அந்த ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டு வந்தார்கள்.

அவருடைய மிதவை எதனால் ஆனது தெரியுமா? வில்லோ மரத்தின் வளையும் தடிகள். அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி. அவ்வளவுதான். கூடை முடைவோர் கையிலும் தையற்காரர் கையிலும் உள்ள பொருட்களே அவை. 1894இல் அவர் செய்து விற்ற மிதவை சுமார் 20 கிலோகிராம் நிறை உடையது. இறக்கைகளின் அகலம் ஏறத்தாழ 6.7 மீற்றர். இயந்திரம் இல்லை. நடுவில் தொங்கிக்கொண்டு, கால்களை இடமும் வலமும் முன்னும் பின்னும் ஆட்டி, உடல் நிறையை மாற்றியே திசையையும் சமநிலையையும் காத்தார். இந்த மாதிரி 500 மார்க் விலைக்கு விற்கப்பட்டது. குறைந்தது ஒன்பது பேர் வாங்கினார்கள். ஒரே வடிவில் பலமுறை செய்து விற்கப்பட்ட முதல் பறக்கும் கருவி அதுவே.

ஏறத்தாழ 2000 தடவைகள் அவர் பறந்திருப்பார் என்று கணிக்கப்படுகிறது. ஒவ்வொரு பறப்பும் அடுத்ததற்குப் பாடமானது. அவர் பறப்பதைக் காட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. அவை உலகெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தபோது, மனிதன் பறப்பது வெறும் கற்பனை அன்று என்பதை மக்கள் முதன்முதலாக நம்பினார்கள்.

1896 ஆகஸ்ட் 9ஆம் நாள் ஸ்டோல்ன் என்ற சிற்றூரின் குன்றில் பறந்துகொண்டிருந்தபோது, வெப்பக் காற்று ஒன்று மிதவையை நிறுத்தித் தூக்கியது. ஒட்டோ 15 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தார், கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் பேர்லின் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 48. மனைவி அக்னெஸும் நான்கு பிள்ளைகளும் தனித்தார்கள்.

அவருடைய கல்லறையில், பலிகள் கொடுக்கப்பட்டே ஆகவேண்டும் என்ற பொருளுள்ள சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை அவருடைய கடைசி வார்த்தைகள் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இறந்தவரின் வாயில் பலி என்ற சொல்லை வைத்துப் பேசுவது உயிரோடிருப்பவர்களுக்கு எளிது. இந்த மனிதர் சாவதற்காகக் குன்றேறவில்லை. ஒவ்வொரு முறையும் கவனமாக இறங்கி, மாலையில் வீடு திரும்பி, கண்டதை எழுதிவைக்கவே ஏறினார்.

எழுதிவைத்தது வீண்போகவில்லை. அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய றைற் சகோதரர்களின் மனத்தைப் பறக்கும் ஆசையின் பக்கம் திருப்பியது அவருடைய மரணச் செய்திதான். அவருடைய அட்டவணைகளை வைத்துக்கொண்டே அவர்கள் தொடங்கினார்கள். 1901இல் அந்த எண்களைச் சரிபார்க்கத் தாங்களே ஒரு காற்றுச் சுரங்கம் செய்து மீண்டும் அளந்தார்கள். 1903 டிசம்பர் 17ஆம் நாள் அவர்களுடைய இயந்திர விமானம் எழுந்தது. முதற் பறப்பு 12 விநாடிகள். தூரம் சுமார் 36 மீற்றர்.

சிறகு மட்டும் அல்ல

லிலியந்தால் சகோதரர்களின் வாழ்வில் எமது கிராமிய இயக்கங்களுக்கு நெருக்கமான இன்னொரு பக்கமும் உண்டு.

ஒட்டோ நடத்திய தொழிற்சாலையில் கொதிகலன்களும் நீராவி இயந்திரங்களும் செய்யப்பட்டன. அவர் கண்டுபிடித்த கொதிகலன் சிறியது, ஆபத்துக் குறைந்தது. பெரிய ஆலைகளோடு போட்டியிட இயலாத சிறு பட்டறைக்காரருக்கு ஏற்றது. 1890இல் தமது தொழிலாளருக்கு இலாபத்தில் 25 வீதம் பங்கு கொடுக்கும் முறையை ஏற்படுத்தினார். அந்நாளில் அது அரிய செயல்.

தம்பி குஸ்தாவ் கட்டடக் கலைஞர். மணல், சுண்ணம், ஆளிவிதை எண்ணெய் கலந்து சிறுவர் விளையாடும் கட்டடக் கற்களைச் சகோதரர்கள் உருவாக்கினார்கள். சந்தைப்படுத்தத் தெரியாததால் 1880இல் சிறு தொகைக்கு அந்த உரிமையை வியாபாரி ஒருவருக்கு விற்றார்கள். அவர் அதை உலகெங்கும் விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தார். வெங்காயத்தையும் மிளகாயையும் விளைவித்து, விலையை மற்றவர் தீர்மானிக்கக் கைகட்டி நின்ற எமது கமக்காரருக்கு இந்தக் கதை புதிதல்ல. குஸ்தாவ் மனம் தளரவில்லை. 1895இல் பேர்லினில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தோற்றுவிக்க முன்னின்றார். வாடகை கொடுத்து நொந்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து தமக்கென வீடும் தோட்டமும் அமைத்துக்கொள்ளும் சங்கம் அது. அதற்கு இட்ட பெயரின் பொருள், சுதந்திரமான மண். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் அந்தச் சங்கம் நிலைத்திருக்கிறது.

நம்பிக்கையும் நெருப்பும்

1894 ஜனவரியில் ஒட்டோ, சமாதானப் பணியில் ஈடுபட்டிருந்த எகிடி என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மனிதர் பறக்கக் கற்றுக்கொண்டால் நாடுகளின் எல்லைகள் பொருளற்றுப் போகும், எல்லைகளுக்கு அரண் அமைக்க இயலாது போகும், மக்கள் போரின்றித் தம் பிணக்குகளைத் தீர்க்க வேறு வழி தேடியே ஆகவேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம்.

எல்லைகள் காக்க முடியாதவை ஆகும் என்பதில் அவர் கணிப்புத் தவறவில்லை. அதனால் போர் ஒழியும் என்பதில்தான் தவறினார். எல்லையைத் தாண்டி வந்தவை குண்டுகள்.

இரண்டாம் உலகப் போரின்போது அங்க்லாமில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதைக் குறிவைத்து 1943 அக்டோபர் 9ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் வந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்நாள் குஸ்தாவின் பிறந்தநாளும்கூட. 1944இல் மீண்டும் தாக்குதல்கள். 1945 ஏப்ரல் இறுதியில் சோவியத் படை நகருக்குள் வந்தபோதும், அதன்பின் ஜேர்மன் படையின் தாக்குதலிலும், எஞ்சியிருந்தவற்றிலும் பெரும்பகுதி எரிந்தது. வந்தவனும் அடித்தான், போனவனும் அடித்தான் என்று எங்கள் ஊர்களில் சொல்வது இதைத்தான். பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தது. ஒட்டோ பிறந்த வீடு இல்லாமல் போயிற்று. அவர் திருமுழுக்குப் பெற்ற புனித நிக்கொலாஸ் தேவாலயம் கூரையும் கோபுரமும் இழந்து, சுவர்களும் தூண்களுமாக வெயிலிலும் பனியிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நின்றது.

பிரதிகளின் நூதனசாலை

இந்த நகரம்தான் தன் மகனுக்கு நூதனசாலை அமைத்திருக்கிறது. ஊரின் பழம்பொருட்களைத் திரட்டிய சிறு காட்சியகம் ஒன்று அங்கே முன்னரே இருந்தது. அதிலிருந்து வளர்ந்து, ஜேர்மனியின் இரு பாதிகளும் ஒன்றிணைந்ததற்கு அடுத்த ஆண்டான 1991இல், ஒட்டோ லிலியந்தால் நூதனசாலை என்ற பெயரைப் பெற்றது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒட்டோவின் கையால் செய்த மிதவைகளில் எஞ்சியவை லண்டன், மியூனிச், வாஷிங்டன், மொஸ்கோ போன்ற பெருநகர நூதனசாலைகளில் இருக்கின்றன. பிறந்த ஊரில் தொங்குபவை பெரும்பாலும் பிரதிகள். வீடு இல்லை, அசற்பொருள் அரிது. அப்படியானால் அந்த ஊரிடம் இருப்பது என்ன?

ஏடுகள் இருக்கின்றன. ஒட்டோவின் கடிதங்கள், வரைபடங்கள், ஒளிப்படங்கள், காப்புரிமைப் பத்திரங்கள் ஆகியவற்றை எங்கிருந்தெல்லாமோ தேடித் திரட்டி, அசலாகவோ பிரதியாகவோ அந்த நூதனசாலை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. அந்த ஏடுகளைப் படித்து, அந்த அளவுகளின்படி தடியை வளைத்து, துணியைத் தைத்து, மிதவைகளை ஒவ்வொன்றாக மீண்டும் செய்தார்கள். அசலை இழந்தவர்கள் செய்முறையை மீட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து அந்தச் சிறகுகளின் கீழ் நின்று, காற்று எப்படித் தூக்குகிறது என்பதை எளிய கருவிகளால் தாங்களே செய்து பார்க்கிறார்கள்.

பிரதிதானே என்று அதை இலேசாக எண்ண வேண்டாம். 2016இல் இந்த நூதனசாலையினர் 1894ஆம் ஆண்டு மாதிரியின்படி கவனமாகச் செய்த மிதவை ஒன்றை ஜேர்மன் விண்வெளி ஆய்வு நிலையத்தினர் நெதர்லாந்திலுள்ள பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அது தற்செயலாக மிதந்த கருவி அல்ல, சமநிலையோடு பறக்கும்படி நன்கு அமைக்கப்பட்ட கருவி என்பது உறுதியாயிற்று. 120 ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்கு நீதி கிடைத்தது, அவர் அளவுகளை எழுதிவைத்ததாலும், ஒரு சிறு நகரம் அவற்றைப் பேணியதாலும் ஆகும்.

அவர் விழுந்து மாண்ட ஸ்டோல்ன் கிராமமும் சும்மா இருக்கவில்லை. 1989 அக்டோபர் 23ஆம் நாள், சேவையிலிருந்து நீங்கிய பெரிய பயணிகள் விமானம் ஒன்று அந்தக் கிராமத்தின் குறுகிய புல்வெளியில் திறமையாக இறக்கப்பட்டது. ஒட்டோவின் மனைவியை நினைந்து 'சீமாட்டி அக்னெஸ்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது ஒரு காட்சியகமாக இன்றும் அங்கே நிற்கிறது.

பாழடைந்த புனித நிக்கொலாஸ் தேவாலயத்துக்கு 1990களில் மீண்டும் கூரை போடப்பட்டது. பின்னர், பறத்தலின் நூதனசாலையை அந்த ஆலயத்துக்குள்ளேயே அமைக்கும் பெருந்திட்டத்தில் நகரம் இறங்கியது. குண்டால் சிதைந்த கோவிலுக்குள், குண்டை நினைக்காத காலத்தின் சிறகுகள். சிறகையும் காட்ட வேண்டும், நெருப்பையும் மறைக்கக் கூடாது என்பதே அந்த ஊர் எடுத்துக்கொண்ட கடமை.

எங்கள் ஏடுகள் எங்கே?

இனி எங்களிடம் வருவோம். இடம்பெயர்ந்தபோது நாங்கள் வீட்டை இழந்தோம், மாட்டை இழந்தோம், உழவு இயந்திரத்தை இழந்தோம். இவற்றுக்கு நிவாரணப் படிவங்களில் இடம் இருந்தது. படிவத்தில் இடமில்லாத ஓர் இழப்பும் உண்டு. அது ஊரைப் பற்றிய அறிவு. எந்த வயலுக்கு எந்தப் பெயர், எந்த வாய்க்கால் எந்த மதகிலிருந்து வருகிறது, எந்தக் கிணறு ஆவணியிலும் வற்றாது, மொட்டைக்கறுப்பனை எந்த மண்ணில் விதைப்பது, பச்சைப்பெருமாளை எப்போது விதைப்பது என்பதெல்லாம் எங்கள் பெரியவர்களின் நெஞ்சில் மட்டுமே இருந்தன. முகாமிலும் உறவினர் வளவிலும் ஆண்டுகள் கழிய, அவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கண்மூடுகிறார்கள். பிறந்த மண்ணைக் காணாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சிலர் திரும்பினார்கள், திரும்பியபோது வரம்பும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை, காட்டித் தர அப்பாவும் இல்லை. சிலர் இன்னும் திரும்பவில்லை.

யோர்தான் ஆற்றைக் கடந்த இஸ்ரயேல் மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டியதை யோசுவா ஆகமத்தில் வாசிக்கிறோம். பிற்காலத்தில் பிள்ளைகள் இக்கற்கள் என்ன என்று கேட்கும்போது பெற்றோர் கதை சொல்வதற்காகவே அவை நாட்டப்பட்டன. கல் சிறியது, அதன் பயன் பிள்ளையின் கேள்வியில் இருக்கிறது.

அங்க்லாம் மக்களைப்போல் எங்களுக்கு நூதனசாலை கட்டப் பணம் இல்லை. அதற்கு முன் செய்யவேண்டியதற்குப் பணம் வேண்டியதும் இல்லை. எமது கிராமக் குழுக்களும் மாதர் சங்கங்களும் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

முதலாவது, ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் ஊரின் மூத்தவர்களைக் கூட்டி, நிலத்தில் தடியால் ஊரின் படத்தைக் கீறச் சொல்லுங்கள். குளம், வாய்க்கால், வயல், கோவில், பள்ளி, பொதுக்கிணறு எல்லாவற்றையும் பெயருடன் கொப்பியில் பதியுங்கள். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாவது, வென்றதை மட்டுமன்றித் தோற்றதையும் எழுதுங்கள். எந்த ஆண்டு எந்த விதை பொய்த்தது, ஏன் பொய்த்தது என்ற குறிப்பு அடுத்த தலைமுறைக்குப் பெருஞ்செல்வம். லிலியந்தாலின் அட்டவணைகள் உதவியதும் இவ்வாறுதான்; அவற்றைப் பெற்றவர்கள் திரும்ப அளந்து திருத்திக்கொள்ள முடிந்தது.

மூன்றாவது, பிரதிகளை ஓரிடத்தில் வையாதீர்கள். அங்க்லாம் எரிந்தபோதும் ஒட்டோவின் நூலும் படங்களும் அழியாதிருந்தது, அவை பல நகரங்களில் பரவியிருந்ததால்தான். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், பழைய குடும்பப் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளில் ஒன்று வீட்டிலும், ஒன்று வேறூரிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும். இப்போது கைத்தொலைபேசியால் படம்பிடித்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிவைப்பதும் எளிது. உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.

நான்காவது, செய்யத் தெரிந்ததைச் செய்து காட்டுங்கள். ஏர் பூட்டவும், பெட்டி இழைக்கவும், விதைநெல்லைக் கோட்டை கட்டவும் அறிந்த ஒருவர் இருந்தால், ஒரு பிள்ளையாவது அருகிலிருந்து பழகட்டும். அசல் தொலைந்தாலும் செய்முறை இருந்தால் மீண்டும் செய்யலாம். அந்தச் சிறு நகரத்தில் தொங்கும் மிதவைகள் அதற்குச் சாட்சி.

நாரையைப் பார்த்துப் படுத்திருந்த இரண்டு தகப்பனில்லாப் பிள்ளைகளின் இரவு முயற்சி ஒன்று இன்றும் நினைக்கப்படுகிறது. அது நிகழ்ந்த மேடும் தெருவும் வீடும் உருமாறிவிட்டன. யாரோ ஒருவர் எழுதினார், யாரோ ஒருவர் பேணினார். உங்கள் ஊரின் கதையை எழுதப்போகிறவர் வெளியிலிருந்து வரமாட்டார். அவர் உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறார். மாலையில் அவரருகே ஒரு கொப்பியோடு போய் அமருங்கள்.

குழுக்களில் கலந்துரையாட

1. எங்கள் ஊரைப் பற்றிய எந்த அறிவு இப்போது ஒரேயொரு முதியவரிடம் மட்டும் இருக்கிறது? அதை யார், எப்போது கேட்டு எழுதுவது?

2. எங்கள் கிராமத்தில் புதிய முயற்சி செய்தவரைக் கேலி செய்து தடுத்த சந்தர்ப்பம் உண்டா? அவரிடமிருந்து நாம் எதைக் கற்றிருக்கலாம்?

3. எங்கள் பிள்ளைகளுக்கு ஊரின் அழிவை எவ்வாறு சொல்கிறோம்? அழிவுக்கு முன்னிருந்த வாழ்வையும் அதே அளவுக்குச் சொல்கிறோமா?